ஒன்றும் செய்யாதபோது ஏறிய கோடு

கருவிகளை இயக்கும் முறையை புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு வேறொருவர் கற்பிப்பார். கைத்தொலைபேசியைக் கணினியோடு இணைப்பதும், விளையாட்டு ஓடும்போது அது எவ்வளவு நினைவகத்தை எடுக்கிறது, செயலியை எவ்வளவு உழைக்க வைக்கிறது என்பதைத் திரையில் இரண்டு கோடுகளாக வரவழைப்பதும் வெகு விரைவில் உங்களுக்குக் கைவந்துவிடும். அவற்றை விவரிக்க நான் தேவையில்லை. கோடு ஏறுகிறது, ஏன் ஏறுகிறதென்று எவருக்கும் விளங்கவில்லை, பதில் கேட்டு ஒருவர் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறார். அந்த வேளையைப் பற்றியே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு சொல். இந்தச் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன்னர் கொழும்பில் வங்கியொன்றின் கணினிப் பிரிவில் பல்லாண்டுகள் பணியாற்றினேன். கல்லூரியில் கணிதம் கற்றவன். நான் கையொப்பமிட்டு அனுப்பிய அறிக்கை எதுவும் பிழையென்று திரும்பி வந்ததில்லை. தற்பெருமைக்காக இதைக் கூறவில்லை. பின்னால் வருவதை விளங்கிக்கொள்ள இது அவசியம்.

வங்கியில் எனக்கு மேலாளராக இருந்தவர் அதிகம் பேசமாட்டார். அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால், பேனையைத் திறந்து வாசிக்கத் தொடங்குவார். தெரிந்ததைப்போல நாம் எழுதிய ஊகம் ஏதாவது கண்ணில் பட்டால், பேனை மூடியை அந்தச் சொல்லின்மேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் அந்தச் சொல் அங்கே இருக்கக்கூடாது. அந்த மூடி இன்றும் என் கண்முன் கிடக்கிறது.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

அப்போது நமது அலுவலகம், அதாவது கந்தோர், சாய்ந்தமருதில், பள்ளிவாசலை ஒட்டிய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. யன்னலைத் திறந்தால் பள்ளியின் ஒலிபெருக்கி கைக்கெட்டும் தூரம். கொழும்பிலுள்ள ஒரு குழு எழுதிய மீன்பிடி விளையாட்டைச் சோதித்துக் கொடுக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. திரையில் ஒரு படகு கடலுக்குப் போகும். இயந்திரம் இரையும், அலை அடிக்கும், காகங்கள் கத்தும். வலை நிறைந்தால் புள்ளி. பெரிய சிக்கல் எதுவுமில்லாத விளையாட்டு என்றே நானும் எண்ணினேன்.

சோதிப்பவர்கள் இருவர். ஒருவர் ரிஸ்வி, மீனவக் குடும்பத்துப் பிள்ளை, வாய் ஓயாதவர். மற்றவர் சுகந்தினி, தமிழ்க் கிராமமான வீரமுனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். புதிதாகச் சேர்ந்தவர், வேலை இன்னும் நிரந்தரமாக்கப்படவில்லை. நிரந்தரமாக்குவதா இல்லையா என்பதை என் குறிப்பைப் பார்த்தே தீர்மானிப்பார்கள். நிறுவனத்தின் உரிமையாளர் நஸீர், என் மகனின் வயதுடையவர். கணக்குப் பார்க்கும் பரீனா, பலகைத் தடுப்புக்கு அப்பால் இருப்பார். கந்தோர் அவ்வளவுதான்.

சுகந்தினியின் தொலைபேசியில் விளையாட்டு நின்றுபோகத் தொடங்கியது.

நினைவகத்தின் கோடு திடீரென ஏறத் தொடங்கும். சரிவின்றி ஏறிக்கொண்டே போகும். தாங்கமுடியாத இடத்தில் விளையாட்டு அணைந்துவிடும். ரிஸ்வியின் தொலைபேசியிலோ அதே விளையாட்டு, அதே படகு, அதே கடல்; கோடு வயல் வரம்பைப்போல் நேராகக் கிடக்கும். பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. நினைவகத்தின் கோடு ஏறத் தொடங்கும் அதே இடத்தில் செயலியின் கோடு சற்றே தாழ்ந்திருந்தது. வேலையைக் குறைத்துக்கொண்ட ஒருவன் சாப்பாட்டை மட்டும் கூட்டிக்கொள்வதுபோல. இதை எப்படி விளங்கிக்கொள்வது?

"எங்கட வாப்பாட போட்டும் இப்பிடித்தான் சேர்," என்றார் ரிஸ்வி. "இஞ்சின் நிண்டாலும் எண்ணெ குடிக்கும்."

"அதுக்கு உங்கட வாப்பா என்ன செஞ்சவர்?"

"வித்துட்டார் சேர்."

முதலில் வெப்பம் என்று நினைத்தேன். முற்பகலில் நிற்பதில்லை, நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பின்னும் பிற்பகல் தொழுகையான அஸரை ஒட்டியுமே நின்றது. அம்பாறைக் கரையோர வெயிலை அறிந்தவன் வேறென்ன நினைப்பான்? சுகந்தினியை நஸீரின் குளிரூட்டிய அறையில் இருத்தினேன். அங்கேயும் நின்றது. போதாக்குறைக்கு, ஒரேயொரு நாள் முற்பகலிலும் நின்றது. வெப்பக் கணக்கு அதோடு உடைந்தது.

தொலைபேசியில் குறை என்று அடுத்து நினைத்தேன். இருவருடைய தொலைபேசிகளையும் மாற்றிக் கொடுத்தேன். அன்று மாலை ரிஸ்வியின் தொலைபேசி சுகந்தினியின் கையில் நின்றது. சுகந்தினியின் தொலைபேசி ரிஸ்வியின் கையில் ஒரு குறையுமின்றி ஓடியது. குற்றம் கருவியை விட்டு ஆளைப் பின்தொடர்ந்தது.

"புள்ளைக்குக் கையில கரண்ட் இரிக்கி போல," என்றார் ரிஸ்வி. "எங்கூட்டு வயரையும் ஒருக்காத் தொட்டுத் தாங்களன், பில்லாவது குறையும்."

"உங்கட நாக்கிலயும் கரண்ட் இருக்கு. அத முதல்ல கழட்டி வைங்க," என்றார் சுகந்தினி. ஆனால் அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அவரை அழைத்து, விளையாட்டு நிற்பதற்குச் சற்று முன்னர் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒரு முறையல்ல, பலமுறை கேட்டேன்.

"நான் ஒண்டும் செய்யல்ல சேர். சும்மாதான் விளையாடிக்கிட்டு இருந்த நான். அதுவா நிண்டுட்டு."

"ஒன்றும் செய்யாமல் ஒன்று நடக்காது பிள்ளை."

"சத்தியமா ஒண்டும் செய்யல்ல சேர்."

ஒரு முற்பகல் முழுவதும் அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நேர்த்தியாக ஆடினார். கோடு அசையவில்லை. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னதும் நான் பள்ளிக்குப் போனேன். பாங்கு சொல்லிவிட்டால் ஒரு கணமும் தாமதிப்பதில்லை. முதல் ஸப்பில், அதாவது முதல் வரிசையில், இமாமுக்கு நேர் பின்னால் நிற்பது என் வழக்கம், ஊரும் அதை அறியும். ரிஸ்வியும் விளையாட்டை மூடிவிட்டு என்னோடு இறங்கினார். தொழுதுவிட்டு வந்து பார்த்தால், சுகந்தினியின் திரை கறுத்துக் கிடந்தது. அவர் அதை உயர்த்திக் காட்டிவிட்டு, ஏதோ களவெடுத்துப் பிடிபட்டவரைப்போல் கீழே வைத்தார்.

அந்த வாரம் கொழும்புக்கு அறிக்கை போகவேண்டியிருந்தது. நஸீர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சேர், கொழும்பால மறுகாவும் கோல் வந்த. அவங்கட ஒரு போன்லயும் நிக்கல்லயாம். எங்கட ஒராள்ற கையில மட்டும் நிக்கிதாம். நான் என்ன செல்ற?"

"காரணம் தெரியா எண்டு சொல்லுங்க."

"தெரியா எண்டு செல்லவா சேர் கந்தோர் தொறந்து வெச்சிரிக்கம்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "சோதிச்ச ஆள் சரியாக் கையாளல்ல எண்டு ஒரு வரி எழுதுங்க. அவங்களுக்கும் அது போதும். புள்ளட விசயத்த மறுகாப் பாப்பம்."

மறுகா என்றால் பிறகு; அந்தப் பிறகின் பொருள் எனக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்குக் கீழே என் கையொப்பம் விழுந்தால், சுகந்தினி நிரந்தரமாக்கப்படமாட்டார். பலகைத் தடுப்பு அவ்வளவு தடிப்பானதன்று, அதற்கு அப்பால் பரீனாவிடம் போயிருந்த அவருக்கும் கேட்டிருக்கவேண்டும். நஸீர் போனபின் வந்து நின்றார்.

"சேர், ஒண்டு சொல்லட்டா? இந்த வேல போனா அண்ணன் இனி என்ன பஸ் ஏற விடமாட்டார். இங்க வாறதுக்கே மூண்டு மாசம் கதைச்சுத்தான் ஓம் பட்டவர். முஸ்லிம் ஊருக்கு ஏன் போறாய், வீரமுனையிலயே கடையொண்டப் பாரன் எண்டு. நான்தான் அங்க மரியாதையா நடத்துறாங்க எண்டு சொன்ன நான்."

போய் வேலையைப் பார்க்கச் சொல்லி அவரை அனுப்பினேன். நான் அந்த வரியை எழுதத் தயங்கியதற்குக் காரணம் நீதியா, நிறுவனத்தின் பெயரா என்று எனக்கே தெளிவில்லை. எங்கள் கந்தோரில் வேலை பார்த்த ஒரேயொரு தமிழ்ப் பிள்ளையைக் காரணம் சொல்லத் தெரியாத ஒரு குற்றத்துக்காக அனுப்பினோம் என்ற கதை வீரமுனையில் நாற்சந்தியில் பேசப்படும். அதை நான் விரும்பவில்லை. மறுபுறம், குற்றம் ஆளைப் பின்தொடர்கிறதென்று என் சொந்தச் சோதனையே காட்டியிருந்தது. இரக்கத்துக்காகச் சான்றை மறைத்தால் அதுவும் பொய்தான். இரண்டு பக்கமும் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் பேனை மூடி கிடந்தது.

மறுநாள் அஸருக்குச் சற்று முன்னர் நஸீர் பொறுமையிழந்து வந்தார். அறிக்கையில் "காரணம் அறியப்படவில்லை" என்றே நான் எழுதி, இன்னும் கையொப்பமிடாமல் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார்.

"தாங்க புள்ள அந்தப் போன. நானே விளையாடிக் காட்டுறன். கேம்ல ஒரு பிழையுமில்ல சேர், நீங்களே பாருங்க."

சுகந்தினியின் கதிரையில் அமர்ந்து படகை விட்டார். நான் கணினித் திரைக்கு முன்னால் நின்றேன். சுகந்தினி சுவரோரம் நின்றார். ரிஸ்வி வேடிக்கை பார்க்கத் தன் கதிரையைத் திருப்பிக்கொண்டார். நஸீர் உண்மையில் நன்றாக ஆடினார். சிறுவயதில் விளையாட்டுக்காக அடிவாங்கியவர் என்று அவருடைய உம்மா சொல்லிக் கேள்வி. இரண்டு கோடுகளும் அமைதியாகக் கிடந்தன.

"பாத்தீங்களா சேர்? பாத்தியா ரிஸ்வி?"

"பாத்தன் காக்கா. மீன் எல்லாம் உங்களுக்குத்தான்." நஸீரை அவர் அண்ணன் முறையில் காக்கா என்றே அழைப்பார்.

அப்போது யன்னலுக்கு வெளியே அஸர் பாங்கு ஒலித்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். நஸீர் கையை மடியில் வைத்துப் பாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். படகு தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. சுகந்தினி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு நின்றார்; அங்கே வேலைக்கு வந்தபின் பழகிய பழக்கம் அது.

என் கண் கணினித் திரையில் இருந்தது. செயலியின் கோடு சற்றே தாழ்ந்தது. நினைவகத்தின் கோடு எழுந்தது.

அதை நான் முதலில் நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். கோடு ஏறிக்கொண்டிருந்தது. ஆடியவர் சுகந்தினியல்லர். அவருடைய கை பத்தடிக்கு அப்பால் சுவரில் இருந்தது. நஸீரின் கையும் மடியில் கிடந்தது. எவருமே எதையும் தொடாதபோது ஏறும் கோட்டுக்கு எவரைப் பிடிப்பது? வெப்பமா, மின்சாரமா, ஒலிபெருக்கியா? ஒலிபெருக்கியின் அதிர்வு தொலைபேசியைப் பாதிக்கிறதோ என்று கூட எண்ணினேன். கணிதம் கற்றவன் அப்படி எண்ணினான் என்பதை நீங்கள் நம்பவேண்டும்.

பாங்கு முடிந்தது. நஸீர் எழுந்தார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றேன். "கோடு ஏறுது. இப்ப என்ன செஞ்சீங்க?"

"நானா? நான் ஒண்டும் செய்யல்லயே சேர்."

சுகந்தினி நஸீரின் முகத்தைப் பார்த்தார். நஸீருக்கும் தான் சொன்னது யாருடைய வார்த்தை என்று அப்போது உறைத்திருக்கவேண்டும். சொல்லிய வாயை மூடாமல் நின்றார்.

"சும்மா இருந்தன் சேர்," என்றார் மறுபடியும், இம்முறை மெதுவாக. பின்னர் குனிந்து, வெகு இயல்பாக, திரையின் மூலையிலிருந்த ஒலிக்குறியைத் தொட்டார்.

அடுத்த கணம் தொலைபேசி அலறியது. ஒன்றல்ல, நூறு படகு இயந்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரைந்தன. அலைக்குமேல் அலை, காகத்துக்குமேல் காகம், இடையிடையே வலை இழுக்கும் கப்பிச் சத்தம். நஸீர் தொலைபேசியைக் கைநழுவ விட்டார்.

"யா அல்லாஹ்! கடல் வந்துட்டா?" பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து பரீனாவின் குரல். "தொழப் போறன், என்ன அந்தரமிது!"

"கடல் இல்ல ராத்தா, காகம்!" என்று ரிஸ்வி கத்தினார்.

இரைச்சல் மெல்ல மெல்ல ஓய்ந்தது. அது ஓய ஓய, நினைவகத்தின் கோடு படிப்படியாக இறங்கிப் பழைய இடத்தில் வந்து படுத்தது.

நாங்கள் நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எவருக்கும் உடனே விளங்கவில்லை. இறுதியில் நானே கேட்டேன், மிக மெதுவாக, பாதி எனக்கே கேட்பதுபோல: "பாங்கு சொல்லும்போது சத்தத்தை நிறுத்தினீர்களா?"

"ஓம் சேர். நிப்பாட்டாம? பாங்கு சொல்லக்க கேம் சத்தம் கேக்கலாமா?"

"சுகந்தினி, நீங்கள்?"

"ஓம் சேர். நானும் நிப்பாட்டுறதான். பரீனா ராத்தா தொழுது முடியிற வரைக்கும் போடமாட்டன், அவங்களுக்குக் கரைச்சலா இருக்கும் எண்டு." அவர் தடுமாறினார். "அதையா சேர் கேட்டீங்க? என்ன செஞ்ச எண்டு கேட்டப்போ, அதையுமா?"

அதையும்தான் கேட்டிருந்தேன். ஆனால் பாங்குக்கு ஒலியை நிறுத்துவதை இந்தக் கரையில் எவரும் ஒரு செயலாக எண்ணுவதில்லை. மூச்சு விட்டீர்களா என்று கேட்டதற்கு எவர் ஓம் என்று எழுதிவைப்பார்? ரிஸ்வியும் நிறுத்துபவர்தான், பாங்கு முடிந்ததும் விளையாட்டை மூடிவிட்டு இறங்கிவிடுவார், ஆதலால் அவர் கையில் கோடு ஏற நேரமிருக்கவில்லை. சுகந்தினி மட்டுமே ஒலியில்லாமல் தொடர்ந்து ஆடினார். எங்கள் தொழுகைக்கு மரியாதை செய்ததற்காகவே அந்தப் பிள்ளை எங்களிடம் சந்தேகத்துக்கு ஆளானார்.

கொழும்புக்குச் சொன்னோம். நிறுத்திவைத்த ஒலிகளை விளையாட்டு வெளியே விடாமல், கழித்தும் விடாமல், மீண்டும் ஒலிக்கலாம் என்ற நம்பிக்கையில் நினைவகத்தில் அடுக்கிக்கொண்டே போயிருக்கிறது, ஒலிக்கும் வேலை குறைந்ததாலேயே செயலியின் கோடு தாழ்ந்திருக்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆட்டத்தின் நடுவே இவ்வளவு நேரம் ஒலியை நிறுத்திவைப்பவர்கள் யார் என்றும் வியப்போடு கேட்டார்களாம்.

"எங்கட ஊர்ல எல்லாரும் எண்டு சென்னன் சேர்," என்றார் நஸீர். சுகந்தினியிடம் அவர் நேரடியாக எதுவும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. மறுநாள் ஒரு பெட்டி தொதல் இனிப்பு கொண்டுவந்து முதலில் அவருடைய மேசையில் வைத்தார். ரிஸ்விக்கு எட்டாத இடத்தில் வைத்தார் என்பதையும் குறிப்பிடவேண்டும்.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். அந்த ஒரேயொரு முற்பகல் எனக்கு இன்றும் விளங்கவில்லை. முற்பகலில் பாங்கு இல்லை. அன்று பள்ளியில் மரணம் பற்றிய ஜனாஸா அறிவித்தல் சொல்லியிருப்பார்கள், அதற்கும் சுகந்தினி ஒலியை நிறுத்தியிருப்பார் என்றார் ரிஸ்வி. சொல்லியிருக்கலாம். யார் மௌத்தானார் என்று கேட்டேன், எவருக்கும் நினைவில்லை. சுகந்தினிக்கும் நினைவில்லை. நிறுத்தினேன் என்று சொல்லிவிட்டால் அவருக்கு நல்லதுதான்; ஆனாலும் "ஞாபகம் இல்ல சேர்" என்றே சொன்னார். ஆகவே அறிக்கையில் ஏனையவற்றின் காரணத்தை எழுதி, அந்த ஒரு முறைக்கு நேரே "காரணம் தெரியவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். என் வாழ்நாளில் அந்தச் சொற்களுக்குக் கீழே நான் இட்ட முதல் கையொப்பம் அது. அதே பேனையால் சுகந்தினியின் நியமனத்தை உறுதிப்படுத்தும் குறிப்பிலும் ஒப்பமிட்டேன். மை ஒன்றுதான், எனினும் முதலாவதற்கே என் கை அதிகம் தயங்கியது.

திருத்திய விளையாட்டு கொழும்பிலிருந்து வந்த அன்று, அஸர் பாங்கு ஒலித்தது. சுகந்தினியின் விரல் திரையின் மூலைக்குப் போய், தொடாமல் அந்தரத்தில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார்.

"சேர், சத்தத்த நிப்பாட்டட்டா?"

நான் வாய் திறப்பதற்குள் வாசலில் நின்ற நஸீர் சொன்னார்: "நிப்பாட்டுங்க புள்ள. அதுக்குத்தானே இவ்வளவு பாடும்."

விரல் பட்டது. படகு சத்தமின்றிப் போனது. நஸீரும் ரிஸ்வியும் படியிறங்கினார்கள். நானும் எழுந்தேன், எழுந்தவன் திரைக்கு முன்னால் நின்றுவிட்டேன். கோடு நேராகக் கிடந்தது. அது நேராகக் கிடப்பதையும் என்னால் உடனே நம்ப முடியவில்லை. இன்னும் சற்று, இன்னும் சற்று என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அப்பால் பரீனா தொழுதுகொண்டிருந்தார். சுகந்தினி ஒலியில்லாத கடலில் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"சேர், இகாமத்துச் சொல்லிட்டாங்க," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க போங்க. ஏறினா நான் சொல்றன்."

நான் போனேன். பள்ளியில் தொழுகை தொடங்கி, அதன் முதற்சுற்றான முதலாவது ரக்அத்தும் முடிந்திருந்தது. அன்று கடைசி ஸப்பில், செருப்புகள் கழற்றி வைக்கும் வாசலுக்கு அருகே நின்று தொழுதேன்.